கோதுமைக் கப்பலை நம்பியிருந்த நாடும் ஒரு பொள்ளாச்சிக்காரரும்: சி.சுப்பிரமணியம் வாழ்க்கை சொல்லும் இறக்குமதிப் பாடம்

பருப்புக்கு இறக்குமதி வரி ரத்து. சமையல் எண்ணெய்க்கு வரி குறைப்பு. கோதுமைக்கு வரி தொடரும். இப்படி ஏதோ ஒரு செய்தி மாதத்துக்கு ஒருமுறையாவது உங்கள் ஃபோனில் நோட்டிஃபிகேஷனாக வந்து விழுந்திருக்கும். படித்திருக்க மாட்டீர்கள். தப்பில்லை, அந்தச் செய்திகள் எழுதப்படும் விதம் அப்படி.

ஆனால் அந்த ஒரு வரிச் செய்திக்குள் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மலிவாகச் சாப்பாடு கிடைக்கிறது என்றால், நம் ஊரில் அதை விளைவிப்பவர் என்ன ஆவார்? அவர் விளைவிப்பதை நிறுத்திவிட்டால், அடுத்த வருஷம் கப்பல் வராவிட்டால் நாம் என்ன ஆவோம்?

இந்தக் கேள்வி இந்தியாவின் கழுத்தைப் பிடித்த ஆண்டுகள் 1964 முதல் 1967 வரை. அப்போது மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்தவர் ஒரு தமிழர். பெயர் சி.சுப்பிரமணியம். தமிழ்நாட்டுக்கு அவர் சி.எஸ். பசுமைப் புரட்சி என்றதும் நமக்கு எம்.எஸ்.சுவாமிநாதன் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும், அது நியாயமும்கூட. ஆனால் விதை நல்ல விதை என்று விஞ்ஞானி சொன்ன பிறகு, கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். தோற்றால் பழியை ஏற்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஆள் இவர்தான்.

யார் இந்த சி.எஸ்.?

1910 ஜனவரி 30 அன்று பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையம் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு சட்டம் படித்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார்.

1952 முதல் 1962 வரை பத்து ஆண்டுகள் சென்னை மாகாண அமைச்சர். நிதி, கல்வி, சட்டம் என்று பல துறைகளைக் கவனித்தார். 1954-ல் ராஜாஜி பதவி விலகியபோது, சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்று தோற்றவர் இவர். தோற்கடித்த காமராஜரே அடுத்து இவரைத் தன் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். பள்ளிக்கூடங்கள் பெருகி, மதிய உணவுத் திட்டம் பரவிய அந்த ஆண்டுகளில் கல்வித் துறை இவரிடம்தான் இருந்தது.

1962-ல் மக்களவைக்குப் போனார். நேரு அமைச்சரவையில் எஃகுத் துறை கிடைத்தது. எஃகு ஆலைதான் நாட்டின் எதிர்காலம் என்று எல்லோரும் நம்பிய காலம். அங்கே பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். 1964 மே மாதம் நேரு மறைந்தார். ஜூனில் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி இவரை உணவு, வேளாண் துறைக்கு மாற்றினார்.

பதவி உயர்வு மாதிரியா தெரிகிறது? அப்போது யாரும் அப்படி நினைக்கவில்லை. உணவுத் துறைக்குப் போகிறவர் விலைவாசிக்கும் ரேஷன் க்யூவுக்கும் பதில் சொல்லியே தேய்ந்துபோவார் என்பதுதான் டெல்லியின் அனுபவம்.

பி.எல்.480: ரூபாயில் கிடைத்த அமெரிக்கக் கோதுமை

சி.எஸ். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நாட்டின் உணவுக் கொள்கை என்ன? கொஞ்சம் கடுமையாகச் சொன்னால், அமெரிக்கக் கப்பல்தான்.

1954-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. பொதுச் சட்டம் 480 என்பது அதன் எண். சுருக்கமாக பி.எல்.480. அந்த நாட்டு விவசாயிகள் விளைவித்துக் குவித்த உபரித் தானியத்தை வைக்க இடமில்லை. அதை மற்ற நாடுகளுக்குச் சலுகையில் தள்ளிவிட ஒரு வழி தேவைப்பட்டது. 1956-ல் இந்தியா இந்தத் திட்டத்தில் முதல் ஒப்பந்தம் போட்டது. 1960-ல் இன்னொரு பெரிய ஒப்பந்தம்: நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும்.

இதில் முக்கியமான அம்சம் விலை மட்டுமில்லை, கரன்சி. டாலர் தேவையில்லை, ரூபாயில் கட்டினால் போதும். அந்த ரூபாயும் அமெரிக்க அரசின் கணக்கில் இந்தியாவிலேயே இருக்கும். அதில் பெரும்பகுதி கடனாகவும் மானியமாகவும் இந்தியத் திட்டங்களுக்கே திரும்பி வரும். கையில் அந்நியச் செலாவணி இல்லாத ஒரு ஏழை நாட்டுக்கு இது கிட்டத்தட்ட இலவசம்.

இந்தியாவின் திட்டக்காரர்கள் இதை ஒரு வாய்ப்பாகப் பார்த்தார்கள். நகரத் தொழிலாளிக்கு மலிவு விலையில் கோதுமை கிடைக்கும், சம்பளம் ஏறாது, தொழிற்சாலை வளரும். இருக்கும் கொஞ்சநஞ்ச டாலரை இயந்திரம் வாங்கச் செலவழிக்கலாம். கேட்க நல்ல கணக்குதான்.

விளைவிப்பவருக்கு என்ன ஆனது?

இப்போது நீங்கள் பஞ்சாபில் ஒரு கோதுமை விவசாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நகரத்து ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமை மலிவாகக் கிடைக்கிறது. உங்கள் கோதுமைக்கு விலை ஏற வழியில்லை. பல நேரம் உங்கள் தானியத்தை வேறு மாநிலத்துக்கு அனுப்பவும் தடை. அறுவடை சமயத்தில் வியாபாரி கேட்கும் விலைக்குத்தான் தள்ளிவிட வேண்டும். இந்த நிலையில் கடன் வாங்கி உரம் போடுவீர்களா? கிணறு வெட்டுவீர்களா? மாட்டீர்கள். வீட்டுக்குத் தேவையானதை விளைவித்துவிட்டு மிச்சத்தைக் கடவுள் விட்ட வழி என்று விட்டுவிடுவீர்கள்.

1960-லேயே அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் இதை எச்சரித்தார். இலவச உபரி, வாங்கும் நாட்டின் விவசாயத்தைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். 1967-ல் ஜிதேந்தர் மான் என்ற ஆய்வாளர் இந்தியத் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார். பி.எல்.480 இறக்குமதி உள்ளூர் விலையையும் விளைச்சலையும் குறைத்தது உண்மை. ஆனால் குறைந்த அளவு, இறக்குமதியான அளவைவிடச் சிறியது. அதாவது மொத்தத்தில் மக்களுக்குக் கிடைத்த தானியம் கூடத்தான் செய்தது.

இந்த இரண்டாவது பாதியை மறந்துவிடாதீர்கள். அந்தக் கோதுமையால் பசியாறியவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். அதனால்தான் இந்தப் பழக்கத்தை விடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

கணக்கில் வராத இன்னொரு பாதிப்பும் உண்டு. கோதுமையை ரூபாயில் வாங்கலாம். ஆனால் உரத்தை? அதற்கு டாலர் வேண்டும். எனவே ஒவ்வொரு முறையும் நிதி அமைச்சகத்துக்கு எளிதான வழி ஒன்றுதான்: உரத்துக்கு டாலர் ஒதுக்காமல், இன்னும் கொஞ்சம் கோதுமைக்குக் கையெழுத்துப் போடுவது. எளிதான இறக்குமதி, தேவையான இறக்குமதியைப் பின்னுக்குத் தள்ளியது.

முதல் முடிவு: விலை

சி.எஸ். முதலில் கை வைத்தது விதையில் இல்லை, விலையில். நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஒரு தொழிலில் யாரும் முதலீடு செய்ய மாட்டார்கள், விவசாயியும் அப்படித்தான் என்பதே அவர் பார்வை. எஃகு அமைச்சராக இருந்தவருக்கு இது இயல்பாகவே வந்திருக்கும்.

1964-ல் எல்.கே.ஜா தலைமையிலான குழு தானிய விலைகளை ஆராய்ந்தது. அதைத் தொடர்ந்து 1965 ஜனவரியில் இரண்டு அமைப்புகள் வந்தன. ஒன்று, வேளாண் விலை ஆணையம். விவசாயிக்கு என்ன விலை நியாயம் என்று பரிந்துரைப்பது இதன் வேலை. இரண்டாவது, இந்திய உணவுக் கழகம். அந்த விலையில் நிஜமாகவே கொள்முதல் செய்து சேமிப்பது இதன் வேலை. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் எங்கே திறக்கப்பட்டது தெரியுமா? தஞ்சாவூரில். தலைமையகமும் முதலில் சென்னையில்தான் இருந்தது.

இன்று எம்.எஸ்.பி. என்று போராட்டச் செய்திகளில் நீங்கள் கேட்கும் குறைந்தபட்ச ஆதரவு விலையின் வேர் இதுதான். 1966-67-ல் கோதுமைக்குக் குவிண்டாலுக்கு ரூ.54 நிர்ணயிக்கப்பட்டது. இப்போது தொகை சின்னதாகத் தெரியும். ஆனால் விதைக்கும்போதே அடிமட்ட விலை இது என்று அரசு சொல்வது விவசாயிக்குப் புதுசு.

இரண்டாவது முடிவு: விதை

விலை இருந்தாலும் விளைச்சல் வேண்டுமே. 1964-65-ல் இந்தியாவில் ஒரு ஹெக்டேருக்குக் கிடைத்த கோதுமை சுமார் 910 கிலோதான். நம் பழைய ரகங்கள் உயரமானவை. உரம் அதிகம் போட்டால் கதிர் கனத்து, தண்டு தாங்காமல் சாய்ந்துவிடும். எனவே உரம் போட்டும் பலனில்லை.

மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்தன. தண்டு குட்டை, உரத்தைத் தாங்கும், துரு நோயையும் எதிர்க்கும். 1963-ல் போர்லாக் இந்தியா வந்து பார்த்துப் போனார். டெல்லி பூசா வளாகத்தில் சுவாமிநாதனும் சக விஞ்ஞானிகளும் சோதனைகள் நடத்தினார்கள். முடிவுகள் நம்பிக்கை தந்தன. ஆனால் ஆய்வு வயலில் விளைவது வேறு, நாடு முழுக்க விளைவது வேறு.

சி.எஸ். விஞ்ஞானிகளின் பக்கம் நின்றார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பதவியை நிர்வாக அதிகாரிகளிடமிருந்து எடுத்து, 1965-ல் கோதுமை விஞ்ஞானி பி.பி.பாலிடம் கொடுத்தார். வேளாண் செயலராக பி.சிவராமன் வந்தார். விவசாயிகளின் வயல்களிலேயே செயல்விளக்கத் திட்டுகள் போடப்பட்டன. டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது, அங்கேயும் புதிய கோதுமையை விதைத்தார் அமைச்சர். வீட்டுக்கு வருகிற எம்.பி.க்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம்.

எதிர்த்தவர்கள் முட்டாள்களா?

இல்லை. இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, அவரும் தமிழர்தான், உரத்துக்கும் விலைக்கும் ஆகும் செலவைப் பார்த்துத் தயங்கினார். திட்டக் குழுவில் இருந்த சிலர், அதிக விலை கொடுத்தால் நகரத்து ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்றார்கள். இடதுசாரிகள் இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள். பாசன வசதி உள்ள பணக்கார விவசாயிக்கே லாபம் போகும் என்பது ஒன்று. உரத்துக்கும் விதைக்கும் அந்நியரிடம் சிக்கிக்கொள்வோம் என்பது இன்னொன்று. ஒரே வகை விதை நாடு முழுக்கப் பரவினால், ஒரு நோய் மொத்தத்தையும் அழிக்கலாம் என்ற பயமும் இருந்தது.

இதில் எதுவுமே அர்த்தமில்லாத கேள்வி இல்லை. சி.எஸ். தரப்பு வாதம் ஒன்றுதான்: இருக்கும் உரத்தையும் நீரையும் நாடு முழுக்கத் தூவினால் எங்கேயும் பலன் தெரியாது. பாசனம் உறுதியான பகுதிகளில் குவித்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் நாட்டுக்குச் சோறு கிடைக்கும்.

இந்த விவாதத்துக்கு நடுவே இன்னொரு புயல் வந்தது. 1965 பிப்ரவரி. இந்தித் திணிப்புக்கு எதிராகத் தமிழ்நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. சி.எஸ்.சும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி உறுதி அளித்த பிறகு ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. விலை ஆணையமும் உணவுக் கழகமும் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடிதம் ஏற்கப்பட்டிருந்தால், இந்தக் கதையின் மிச்சத்தை வேறு யாரோ எழுதியிருக்க வேண்டும்.

கப்பல் தாமதமானபோது

1965 கோடையில் பி.எல்.480 ஒப்பந்தம் காலாவதியானது. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார். இந்தியா விவசாயத்தைக் கவனிக்கவில்லை என்ற கோபம் அவருக்கு இருந்தது. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் பிடிக்கவில்லை. அதே ஆண்டு பருவமழை பொய்த்தது. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர்.

தானிய உற்பத்தி ஒரே ஆண்டில் 8.9 கோடி டன்னிலிருந்து 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. வாரத்தில் ஒருவேளை உணவைத் தவிர்க்கும்படி சாஸ்திரி மக்களிடம் கேட்டுக்கொண்டார். துறைமுகத்தில் இறங்கும் தானியம் நேரே ரேஷன் கடைக்குப் போகிற நிலை. அடுத்த கப்பல் எப்போது என்று கணக்குப் பார்ப்பதே உணவு அமைச்சரின் தினசரி வேலை.

1965 நவம்பரில் ரோம் நகரில் உலக உணவு, வேளாண் அமைப்பின் மாநாடு நடந்தது. அங்கே அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனும் சி.எஸ்.சும் சந்தித்து ஒரு ரகசிய உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். இந்தியா விவசாய முதலீட்டை உயர்த்தும், உரத் தொழிலில் தனியார் முதலீட்டை வரவேற்கும், விவசாயிக்கு ஊக்க விலை தரும். பதிலுக்குத் தானியம் தொடர்ந்து வரும்.

இது அடிபணிவதா, சாமர்த்தியமா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த நிபந்தனைகளில் பெரும்பாலானவை சி.எஸ். ஏற்கெனவே டெல்லியில் வாதாடிக்கொண்டிருந்தவைதான். வெளியிலிருந்து வந்த அழுத்தம், உள்ளே அவருடைய கையைப் பலப்படுத்தியது. ஆனால் அந்த அழுத்தம் சுமத்திய அவமானத்தை அவர் உட்பட யாரும் மறக்கவில்லை. சாப்பாட்டுக்காக வெளியுறவுக் கொள்கையை அடக்கி வாசிக்க வேண்டுமா என்ற கேள்வி, சுயசார்பை ஒரு கட்சிப் பிரச்சினையாக இல்லாமல் தேசப் பிரச்சினையாக மாற்றியது.

18,000 டன் சூதாட்டம்

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். இந்திரா காந்தி பிரதமரானார். சி.எஸ். அதே துறையில் தொடர்ந்தார்.

முந்தைய ஆண்டு சோதனைக்காக 250 டன் மெக்சிகோ விதை வந்திருந்தது. இப்போது 18,000 டன் வாங்க முடிவு. லெர்மா ரோஹோ, சோனோரா ஆகிய ரகங்கள். அதுவரை உலகில் எந்த நாடும் ஒரே தடவையில் இவ்வளவு விதை வாங்கியதில்லை. அந்நியச் செலாவணி அடியோடு வற்றிய நேரம். 1966 ஜூனில் ஒரு டாலருக்கு ரூ.4.76 என்பது ரூ.7.50 ஆக, ரூபாயின் மதிப்பே குறைக்கப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் இந்தச் செலவு.

விதை முளைக்காவிட்டால்? புது நோய் வந்தால்? மக்கள் அந்தச் சிவப்பு நிறக் கோதுமையை வாங்க மறுத்தால்? விஞ்ஞானிகளுக்கு இன்னொரு ஆய்வுக் கட்டுரை கிடைக்கும். அமைச்சருக்கு அதோடு அரசியல் முடியும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். 1966-ல் இந்தியா இரண்டு வகை இறக்குமதி செய்தது. ஒன்று, 1 கோடி டன்னுக்கு மேல் தானியம். அது அந்த ஆண்டோடு சாப்பிட்டுத் தீர்ந்தது. இன்னொன்று, 18,000 டன் விதை. எடையில் முதலாவதில் 500-ல் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது அடுத்தடுத்த ஆண்டுகளில் பெருகிக்கொண்டே போனது. இறக்குமதி நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எதை இறக்குமதி செய்கிறோம், அது உள்ளூர் உற்பத்தியை வளர்க்கிறதா, அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறதா என்று கேட்க வேண்டும்.

அரிசியில் தோற்றார்

1966-லும் மழை இல்லை. பீகாரில் பஞ்சம். புதிய விதையின் பலன் நாட்டுக்குத் தெரிய இன்னும் ஒரு வருஷம் ஆகும். ஆனால் தேர்தல் 1967 பிப்ரவரியில்.

தமிழ்நாட்டில் மொழிப் பிரச்சினையோடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். நாட்டின் உணவு அமைச்சர் சி.எஸ்.சும் தோற்றார்.

அடுத்து உணவுத் துறைக்கு ஜெகஜீவன் ராம் வந்தார். 1968 வசந்தத்தில் பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் அறுவடை தொடங்கியது. கோதுமையைப் போட்டுவைக்கக் கிடங்கு போதவில்லை. பள்ளிக்கூடங்களை மூடி, வகுப்பறைகளில் மூட்டைகளை அடுக்கினார்கள். அந்த ஜூலையில் கோதுமைப் புரட்சி என்று அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. அப்போது சி.எஸ். அமைச்சரும் இல்லை, எம்.பி.யும் இல்லை.

எண்களில்

- கோதுமை உற்பத்தி 1964-65: சுமார் 1.23 கோடி டன்
- 1965-66, வறட்சி ஆண்டு: சுமார் 1.04 கோடி டன்
- 1967-68: சுமார் 1.65 கோடி டன்
- 1970-71: சுமார் 2.38 கோடி டன்
- ஹெக்டேருக்கு விளைச்சல்: 1964-65-ல் சுமார் 910 கிலோ, 1970-71-ல் சுமார் 1,300 கிலோ
- உரப் பயன்பாடு: 1965-66-ல் சுமார் 8 லட்சம் டன், 1970-71-ல் சுமார் 22 லட்சம் டன்

பி.எல்.480 இறக்குமதி 1971 இறுதியோடு நின்றது. அதற்குப் பிறகும் மோசமான ஆண்டுகளில் இந்தியா கோதுமை வாங்கியிருக்கிறது, ஆனால் பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியது. 1974-ல் அமெரிக்கா தன் ரூபாய்க் கணக்கிலிருந்து ரூ.1,664 கோடியை ஒரே காசோலையில் இந்தியாவுக்குத் திருப்பித் தந்து, அந்த அத்தியாயத்தை முடித்துவைத்தது.

மீதி வாழ்க்கை

சி.எஸ். 1971-ல் மீண்டும் மக்களவைக்கு வந்தார். திட்டம், தொழில் வளர்ச்சித் துறைகளுக்குப் பிறகு, 1974 முதல் 1977 வரை நிதி அமைச்சர். நெருக்கடிநிலைக் காலத்தின் நிதி அமைச்சரும் அவர்தான் என்பதை அவர் வாழ்க்கைக் கணக்கிலிருந்து அழிக்க முடியாது. 1979-ல் சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சர். 1990 முதல் 1993 வரை மகாராஷ்டிர ஆளுநர். 1998-ல் பாரத ரத்னா. 2000 நவம்பர் 7 அன்று சென்னையில் மறைந்தார்.

கணக்கின் மறுபக்கம்

இது வெற்றிக் கதை மட்டும் என்று முடித்தால் பாதிதான் சொன்னதாகும். அன்று எதிர்த்தவர்கள் எழுப்பிய சில பயங்கள் பலித்தன. விலை உத்தரவாதமும் கொள்முதலும் கோதுமையையும் நெல்லையும் சுற்றியே நின்றன. பஞ்சாபில் அந்த இரண்டு பயிரும் நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்த்தன. பருப்புக்கும் சிறுதானியத்துக்கும் நல்ல நிலமும் கிடைக்கவில்லை, உறுதியான விலையும் கிடைக்கவில்லை. 1961-ல் ஒரு இந்தியருக்கு ஒரு நாளைக்கு 69 கிராம் பருப்பு கிடைத்தது. 2001-ல் அது 30 கிராம்.

மூன்று ஆண்டு நெருக்கடிக்காக எடுத்த முடிவு, அறுபது ஆண்டுப் பழக்கமானது. அதற்கான பொறுப்பில் ஒரு பங்கு தொடங்கிவைத்தவருக்கு உண்டு. பெரிய பங்கு, தேவை மாறிய பிறகும் மாற்றாமல் விட்டவர்களுக்கு.

சரி, உங்களுக்கு இதில் என்ன?

இன்று இந்தியா ஆண்டுக்கு 11 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளைவிக்கிறது. இறக்குமதிக் கோதுமைக்கு 2019 முதல் 40% வரி. கோதுமையில் அந்தப் பழைய கேள்வி அடங்கிவிட்டது. ஆனால் அது உங்கள் சமையலறையின் வேறு டப்பாக்களுக்கு இடம் மாறியிருக்கிறது.

எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் எண்ணெய் வித்துக்களுக்குத் தனி இயக்கம் தொடங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் தேவையில் 95 சதவீதத்துக்கு மேல் இங்கேயே கிடைத்தது. 1994-ல் பாமாயில் இறக்குமதி 65% வரியோடு திறந்துவிடப்பட்டது. 1998-க்குள் வரி 15% ஆனது. இன்று நாம் சாப்பிடும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. வாங்குபவருக்கு லாபம், கடலை போட்டவருக்கு நஷ்டம்.

பருப்பிலும் இதே கதைதான். விலை ஏறியதும் 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு வரி ரத்தானது. 2024-25-ல் மொத்தப் பருப்பு இறக்குமதி 70 லட்சம் டன்னைத் தாண்டி உச்சம் தொட்டது. 2025-ல் துவரை விலை ஆதரவு விலைக்குக் கீழே இறங்கியது. அந்த விலையைப் பார்த்த விவசாயி அடுத்த பருவத்தில் துவரை போடுவாரா? பஞ்சாப் விவசாயியாக உங்களைக் கற்பனை செய்துகொண்டபோது நீங்கள் எடுத்த முடிவைத்தான் அவரும் எடுப்பார்.

வரியை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. வரி மட்டும் ஏறினால் உங்கள் மளிகை பில்தான் ஏறும், அதில் அதிகம் அடிபடுவது குறைந்த சம்பளக்காரர்கள். 1965-ல் நடந்தது வேறு. உள்ளூர் விலைக்கு உத்தரவாதம், அதை நிறைவேற்ற ஒரு கொள்முதல் அமைப்பு, நல்ல விதை, உரம் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தன. அதுவரை பசியைத் தாங்க இறக்குமதியும் தொடர்ந்தது. விளைச்சல் வந்த பிறகுதான் கப்பல் நின்றது.

அடுத்த முறை வரி குறைப்பு, வரி உயர்வு என்று அந்த நோட்டிஃபிகேஷன் வந்தால், மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். அறிவிப்பு விதைப்புக்கு முன்னால் வந்ததா, அறுவடை சமயத்தில் வந்ததா? உள்ளூர்ச் சந்தை விலை எம்.எஸ்.பி.க்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இறக்குமதிக்குத் திறந்த கதவோடு, உள்ளூரில் விளைவிப்பவருக்கு விதையோ கொள்முதலோ ஏதாவது அறிவித்தார்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அது இந்த மாத விலைக்கான முடிவு மட்டுமே. அடுத்த வருஷ விளைச்சலை யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.